பயிற்சியாளர் ‘யாரிடமும் பேசாதே’ என்கிறார்: மகன் என்ன செய்ய வேண்டும்?

வாசகர் கடிதம் (சுருக்கம்): நாங்கள் டெக்சாஸில் பிளேனோ நகரில் வசிக்கிறோம். எங்கள் மகன் இதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு உயிரியல் படிக்கிறான். பள்ளியில் சாக்கர் ஆடியவன். பிறகு அமெரிக்கக் கால்பந்தில் பந்தை உதைக்கும் வீரராக, அதாவது கிக்கராகி, உதவித்தொகை எதுவும் இல்லாமல் கல்லூரி அணியில் சேர்ந்து, சென்ற ஆண்டுதான் உதவித்தொகை பெற்றான். ஆகஸ்ட் பயிற்சி முகாம் முடிந்த இரவு, மூத்த வீரர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில், புதிதாகச் சேர்ந்த வீரர்களை வரிசையாக நிற்கவைத்து மது குடிக்கச் செய்திருக்கிறார்கள். ஒரு பையன் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். என் மகன் யாரையும் வற்புறுத்தவில்லை என்கிறான். ஆனால் அங்கே இருந்திருக்கிறான், கைப்பேசியில் படமும் எடுத்திருக்கிறான். அடுத்த வாரம் தலைமைப் பயிற்சியாளர் அவனையும் இன்னும் சிலரையும் ‘அணி விதிகளை மீறியதற்காக’ காலவரையின்றி இடைநீக்கம் செய்துவிட்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. ‘யாரிடமும் பேசாதே, நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம், நான்கு ஆட்டம் போகட்டும், சேர்த்துக்கொள்கிறேன்’ என்று அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்து இதுவரை யாரும் அழைக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா? இடைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடலாமா? உதவித்தொகை போய்விடுமா? மருத்துவம் படிக்க வேண்டும் என்ற அவன் ஆசை என்னவாகும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருந்தாலும், ‘பல்கலைக்கழகத்திலிருந்து இதுவரை யாரும் அழைக்கவில்லை’ என்ற வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகனுக்கு இப்போது கையில் இருக்கும் பெரிய வாய்ப்பு அந்த வரியில்தான் இருக்கிறது, அது நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருக்கிறது. டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 37ஆம் அத்தியாயம், நாம் ராகிங் என்று அறிந்ததும் இங்கே ஹேஸிங் எனப்படுவதுமான கொடுமையைக் குற்றமாக்கியிருக்கிறது. அது வளாகத்துக்குள் நடந்தாலும் வெளியே வாடகை வீட்டில் நடந்தாலும் ஒன்றுதான். குடித்த பையன் சம்மதித்தான் என்பது அந்தச் சட்டத்தின்முன் எதிர்வாதமாகாது. நேரில் பார்த்தவர், தெரிந்தும் உரியவரிடம் தெரிவிக்காமல் இருப்பதே அங்கே தனிக் குற்றம். அதற்கு 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஆகவே, ‘பேசாதே’ என்ற அறிவுரை உங்கள் மகனைப் பாதுகாக்கவில்லை, அவன் தலையில் இன்னொரு குற்றத்தை ஏற்றி வைக்கிறது.

அதே சட்டம் ஒரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. நடந்ததைத் தானாக முன்வந்து மாணவர் நலத் தலைவரிடமோ பல்கலைக்கழகத்தின் உரிய வேறு அதிகாரியிடமோ தெரிவித்து, விசாரணை முடியும்வரை நேர்மையாக ஒத்துழைப்பவருக்கு, அந்தச் சம்பவத்தின் பேரில் வரக்கூடிய குற்ற வழக்கிலிருந்தும் நஷ்டஈட்டு வழக்கிலிருந்தும் பாதுகாப்பு உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் அந்தச் சம்பவம் பற்றி அவரைத் தொடர்புகொள்வதற்கு முன்பே அவர் தெரிவித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மருத்துவமனை வரை போன விஷயம் பல்கலைக்கழகத்தின் காதுக்கு எட்டாமல் இருக்காது. ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்துவிட்டால் இந்தக் கதவு அடைபட்டுவிடும்.

இதில் இன்னொரு நிபந்தனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தான் செய்த ராகிங்கைத் தானே தெரிவிப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் மகன் வெறுமனே நின்று பார்த்தானா, படம் எடுத்தபடி ‘இன்னும் குடி’ என்று உற்சாகப்படுத்தினானா, மது வாங்கப் பணம் கொடுத்தானா என்பதைப் பொறுத்து அவன் நிற்கும் இடம் மாறும், ஏனென்றால் தூண்டுவதும் துணைபோவதும் அதே குற்றத்துக்குள்தான் அடங்கும். அதனால் அவன் நேராக அதிகாரியின் அறைக்குப் போகக் கூடாது. நாளைக்கே குற்ற வழக்குகளிலும் மாணவர் ஒழுங்கு விசாரணைகளிலும் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரைச் சந்திக்க வேண்டும், அவர் கேட்டுப் பார்த்துவிட்டு, அவரே உடன் வர, அதிகாரியிடம் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் ஓடக் கூடாது. அந்த வழக்கறிஞர் உங்கள் மகனுக்கு மட்டுமே உரியவராக இருக்க வேண்டும். விளையாட்டுத் துறை ஏற்பாடு செய்து தருபவரோ, இடைநீக்கமான வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுபவரோ வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சட்ட அலுவலர்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர்களுடைய கட்சிக்காரர் பல்கலைக்கழகம்தான்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போவதற்குமுன் அந்த இரவை மணிவாரியாக அவன் தன் கையால் எழுதி வைக்கட்டும்: எத்தனை மணிக்கு வீட்டுக்குள் போனான், யார் யார் இருந்தார்கள், பாட்டில்கள் எங்கிருந்து வந்தன, அந்தப் பையன் எப்போது விழுந்தான், விழுந்தபின் ஆம்புலன்ஸை அழைத்தது யார், எவ்வளவு நேரம் கழித்து அழைத்தார். தாளின் தலையில் ‘என் வழக்கறிஞருக்காக’ என்று எழுதி, அவரைத் தவிர யாரிடமும், உங்களிடம்கூட, காட்டாமல் வைத்திருக்கட்டும். கைப்பேசியில் உள்ள படத்தை அழிக்கவே கூடாது. விசாரணை வரும் என்று தெரிந்து ஆதாரத்தை அழிப்பது டெக்சாஸில் ராகிங்கைவிடப் பெரிய குற்றமாகிவிடக்கூடும். அதை இன்னொருவருக்கு அனுப்பவும் கூடாது. அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவசரமாக வெளியேறவோ பழைய செய்திகளை நீக்கவோ கூடாது. படம் வெளியே வராமல் இருந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2014-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியின் ஜோ மிக்ஸன் ஓர் உணவகத்தில் ஒரு பெண்ணை முகத்தில் குத்தியதற்காக ஒரு பருவம் முழுக்க விலக்கிவைக்கப்பட்டு, பிறகு சேர்க்கப்பட்டு இரண்டு பருவங்கள் ஆடினார். உணவகத்தின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி 2016 டிசம்பரில் பொதுவெளிக்கு வந்தபோது, இரண்டரை ஆண்டுக்கு முன் போதும் என்று கருதப்பட்ட அந்தத் தண்டனை போதாது என்று தலைமைப் பயிற்சியாளரே சொல்ல வேண்டியதாயிற்று.

இனி, பயிற்சியாளரின் இடைநீக்கத்துக்கு வருகிறேன். ‘அணி விதிகளை மீறியதற்காக’ என்ற வாசகத்தைக் கல்லூரிக் கால்பந்துச் செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம். பயிற்சிக்குத் தாமதமாக வந்தவனுக்கும் அதே வாசகம், பெண்ணை அடித்தவனுக்கும் அதே வாசகம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, காலவரையும் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு விசாரணையின் முடிவு அல்ல. அணியை நடத்துகிறவர் தன் கையிலுள்ள அதிகாரத்தைப் பயன்படுத்துவது, அவ்வளவே. இதை நீங்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் தண்டித்துவிட்டதால் விஷயம் முடிந்துவிட்டது என்றோ, அவர் மன்னித்துவிட்டால் எல்லாரும் மன்னித்துவிடுவார்கள் என்றோ நினைக்கும் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அணி ஒரு பாதை, பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு அலுவலகம் இன்னொரு பாதை, காவல் துறையும் நீதிமன்றமும் மூன்றாவது பாதை. ஒன்றில் விடுதலையானவர் மற்றொன்றில் தண்டிக்கப்படலாம், ஏனென்றால் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்கிறது, பல்கலைக்கழகமோ பெரும்பாலும் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே பார்க்கிறது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-இல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மகனின் சக வீரர்கள் அவனிடம் எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு அது நல்ல உதாரணம். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு மாணவி, கால்பந்து வீரர்கள் பலர் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதாகப் புகார் செய்தார். ஹென்னபின் கவுண்டி அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டுப் பதிவு செய்யவில்லை. பல்கலைக்கழகமோ தன் சொந்த விசாரணையின் அடிப்படையில் டிசம்பரில் 10 வீரர்களை அணியிலிருந்து விலக்கிவைத்தது. அரசு வழக்கறிஞரே விட்டுவிட்ட பிறகு இது என்ன அநியாயம் என்று அணி முழுவதும் கொதித்தெழுந்து, சான் டியேகோவில் நடக்கவிருந்த ஹாலிடே பௌல் ஆட்டத்தைப் புறக்கணிக்கப் போவதாக அறிவித்தது. தலைமைப் பயிற்சியாளர் டிரேசி கிளேய்ஸ் தன் வீரர்களைப் பெருமையோடு ஆதரித்து ட்விட்டரில் எழுதினார். அடுத்து, சுமார் 80 பக்கங்கள் கொண்ட விசாரணை அறிக்கை வெளியே வந்தது. அந்த மாணவி சொன்னது என்ன என்பதை அந்தப் பக்கங்களில் படிக்க முடிந்தது. புறக்கணிப்பு இரண்டே நாளில் கைவிடப்பட்டது, ஜனவரியில் பயிற்சியாளர் வேலையிழந்தார். விலக்கப்பட்ட 10 பேரில் சிலர் பின்னர் பல்கலைக்கழகத்தின் மேல்விசாரணையில் குற்றமற்றவர்களாக விடுவிக்கப்பட்டதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோழனைக் காட்டிக்கொடுக்காதே என்று உங்கள் மகனிடம் சொல்லப்போகிறவர்களில் பலருக்கு அந்த இரவில் நடந்தது முழுமையாகத் தெரியாது. முறையான விசாரணை குற்றவாளியைப் பிடிப்பதற்காக மட்டும் அல்ல, நிரபராதியைப் பிரித்தெடுப்பதற்கும்தான். நான்கு ஆட்டம் வெளியே உட்கார் என்று எல்லாருக்கும் ஒரே தண்டனை கொடுக்கும் பயிற்சியாளரின் முறையில், வரிசையில் நிறுத்திக் குடிக்கவைத்தவனும் ஓரத்தில் நின்றவனும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

பயிற்சியாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் வீரர்களின் குற்றத்தைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்பளிக்கும் வேலை எந்தப் பயிற்சியாளரிடமும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2007-இல் ஒரு குடியிருப்பில் புகுந்து கால்பந்து வீரர்கள் அடிதடியில் இறங்கியபோது, பயிற்சியாளர் ஜோ பட்டெர்னோ தன் பாணியில் ஒரு தண்டனை அறிவித்தார்: அந்தப் பருவத்தில் உள்ளூரில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அணி முழுவதும் பீவர் ஸ்டேடியத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பலர் அதைப் பாராட்டினார்கள். மாணவர் நலனுக்குப் பொறுப்பாயிருந்த துணைத் தலைவர் விக்கி டிரிபோனி, கால்பந்து வீரர்களும் மற்ற மாணவர்களைப் போலவே பல்கலைக்கழக விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று வாதிட்டு, அதே ஆண்டில் பதவியை விட்டு வெளியேற நேர்ந்தது. கால்பந்துக்குத் தனி அரசு என்ற அந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது, சிறுவர்களைப் பல ஆண்டுகளாகச் சீரழித்த முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெரி சான்டஸ்கி 2011 நவம்பரில் கைதானபோது வெளிப்பட்டது.

உங்களுக்கு அருகிலேயே, வேக்கோவில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில், 2016 மே மாதம் வெளியான கண்டறிதல்கள் இதைவிட நேரடியானவை. கால்பந்து ஊழியர்கள் வீரர்கள் மீதான பாலியல் வன்முறைப் புகார்களைத் தாங்களே அரைகுறையாக விசாரித்தார்கள், உரிய அலுவலகத்துக்கு அனுப்பவில்லை, மற்ற மாணவர்களுக்கான விதிகள் தங்கள் வீரர்களுக்கு இல்லை என்ற எண்ணத்தை வளர்த்தார்கள் என்று பல்கலைக்கழகம் அமர்த்திய சட்ட நிறுவனம் முடிவு சொன்னது. பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார், பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் பதவி இழந்தார். ஐந்து ஆண்டு கழித்து, 2021 ஆகஸ்டில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் குழு, அந்தத் தவறுகள் தன் விதிகளை மீறியவை ஆகா என்று தீர்ப்பளித்து, வேறு மீறல்களுக்காக 5,000 டாலர் அபராதமும் நான்கு ஆண்டு கண்காணிப்பும் விதித்ததோடு நிறுத்திக்கொண்டது. வீரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக, டல்லாஸில் உள்ள எஸ்எம்யூ பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் 1987 பருவத்தையே ரத்து செய்த அமைப்பு அது. பணத்தைக் கண்காணிக்கக் கட்டப்பட்ட அமைப்பிடம், மாணவரின் உடலுக்கு நேர்ந்த தீங்குக்கு நியாயம் எதிர்பார்க்க முடியாது என்பதால்தான், நீங்கள் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்கிறேன்.

பயிற்சியாளருக்கு இந்த விஷயத்தில் தன்னுடைய வேலையும் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2023 ஜூலையில் ராகிங் புகாருக்காகத் தலைமைப் பயிற்சியாளர் பேட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு முதலில் இரண்டு வார இடைநீக்கம்தான் தரப்பட்டது. மறுநாள் மாணவர் பத்திரிகை விவரங்களை வெளியிட்டது, ஜூலை 10 அன்று அவர் நீக்கப்பட்டார். தமக்கு எதுவும் தெரியாது என்ற நிலையில் அவர் உறுதியாக நின்று வழக்குத் தொடர்ந்தார். 2025-இல் அது சமரசத்தில் முடிந்தது. நாட்டிலுள்ள ஒவ்வொரு தலைமைப் பயிற்சியாளரும் இதை அறிவார். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சி ராகிங் தடுப்புச் சட்டப்படி, எந்த அணி ராகிங்கில் ஈடுபட்டதாக நிரூபிக்கப்பட்டது என்பதைப் பல்கலைக்கழகங்கள் இப்போது பொதுவில் வெளியிட வேண்டும். அதில் வருவது அணியின் பெயர். மாணவர்களின் பெயர்களை வெளியிடக் கூடாது. நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம் என்பதில் யாருக்கு அதிக லாபம் என்று உங்கள் மகன் ஆற அமர யோசிக்கட்டும்.

வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். அணியில் இடம் கேட்டு வழக்குப் போட வேண்டாம் என்பதே என் அறிவுரை. 2005-இல், சிங்கப்பூருக்காக ஒலிம்பிக்கில் நீந்திய ஜோஸ்லின் யோ, டெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்காக நீந்தத் தமக்கு இருக்கும் வாய்ப்பைச் சட்டம் பாதுகாக்க வேண்டும் என்று வாதிட்ட வழக்கில், பல்கலைக்கழக விளையாட்டில் பங்கேற்பது அரசியல் சட்டப் பாதுகாப்புள்ள உரிமை அல்ல என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜனவரியில் இலினாய் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஒருவரின் இடைநீக்கத்தை அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்திவைத்தது உண்மைதான். அவர் தொழில்முறை ஆட்டத்தின் வாசலில் நின்றவர், பின்னர் அவர் மீதான குற்ற வழக்கிலும் விடுதலையானார். அத்தகைய தீர்ப்புகள் அபூர்வம்.

அணியில் இருக்கும் இடம் வேறு, மாணவராக இருக்கும் இடம் வேறு. அரசுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரை வெளியேற்றுவதற்கு முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது, அலபாமாவில் நிறவெறிக்கு எதிராக உணவகத்தில் அமர்ந்து போராடியதற்காக நீக்கப்பட்ட கறுப்பின மாணவர்கள் 1961-இல் நீதிமன்றத்தில் பெற்றுத் தந்த உரிமை. 1995-இல் ஹூஸ்டனில் ஒரு மருத்துவ மாணவரின் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. மகனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தால், அந்த விசாரணையில்தான் உங்கள் பணமும் உழைப்பும் போக வேண்டும்.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, அது வழங்கப்பட்ட காலத்தின் நடுவே பயிற்சியாளர் தன் விருப்பப்படி நிறுத்திவிட முடியாது. கடுமையான ஒழுங்கீனம் என்ற காரணத்தைக் காட்ட வேண்டுமானால், அதை முடிவு செய்ய வேண்டியது எல்லா மாணவர்களுக்கும் உரிய வழக்கமான ஒழுங்கு அமைப்பு. எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும், விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் முன் முறையிட வாய்ப்பும் தர வேண்டும். அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும், பல்கலைக்கழகம் விளையாட்டு வருவாயில் பங்கு தரும் ஒப்பந்தமோ விளம்பர ஒப்பந்தமோ, அதில் நடத்தை பற்றிய பிரிவு இருக்கும். எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் கொண்டு போகட்டும். ‘நானாகவே விலகுகிறேன்’ என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், வழக்கறிஞர் பார்க்காமல் போடக் கூடாது. தானாக விலகியவருக்கு இந்தப் பாதுகாப்புகள் இல்லாமல் போய்விடும்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில், நடத்தை விதி மீறலுக்காகக் கல்லூரி நடவடிக்கை எடுத்திருக்கிறதா என்ற கேள்வி இருக்கும். நடவடிக்கை இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். மறைத்துப் பின்னால் தெரியவந்தால், மீறலைவிட மறைப்புதான் வாசலை அடைக்கும். முன்வந்து உண்மையைச் சொன்ன மாணவர் என்ற குறிப்போடு வரும் ஒரு எச்சரிக்கைக்கும், விசாரணையில் பொய் சொன்னதற்காக வரும் நீக்கத்துக்கும் இடையிலான தூரத்தைத் தேர்வுக் குழுக்கள் நன்றாக அறியும். நீக்கம் வரை போனால் டெக்சாஸில் அது மதிப்பெண் சான்றிதழிலேயே குறிக்கப்படும். உங்கள் மகன் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உடையவனாகவோ இல்லாமல் மாணவர் விசாவில் இருந்தால், பல்கலைக்கழக இடைநீக்கம் விசா நிலையையே பாதிக்கும். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் முன்கூட்டியே பாருங்கள்.

நீங்கள் பல்கலைக்கழகத்தை அழைத்தால் விவரம் தர மாட்டார்கள். கல்லூரி மாணவரின் பதிவுகள் சட்டப்படி அவருக்கே உரியவை. மகன் எழுத்தில் அனுமதி கொடுத்தால் அலுவலர்கள் உங்களோடு பேசத் தயங்க மாட்டார்கள். அந்தப் படிவத்தில் இன்றே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சியாளரை நீங்கள் நேரில் சந்தித்துக் கெஞ்சுவதையோ சண்டை போடுவதையோ தவிருங்கள்.

மருத்துவமனையில் இருந்த அந்தப் பையனைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. நீங்கள் பதறிப்போயிருக்கிறீர்கள், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறார், அவரிடமும் யாரோ ‘பேசாதீர்கள்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததும் உங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்கள் மகனுக்குத் தோன்றினாலும், இப்போது அந்தப் பையனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பவோ அவன் வீட்டுக்குப் போகவோ கூடாது. அது சாட்சியை மிரட்டுவதாகப் படக்கூடும். அவன் உண்மையை உரிய இடத்தில் சொல்வதுதான் அந்தக் குடும்பத்துக்கு இப்போது பயன்படும்.

இப்படிச் செய்தால் அவன் மறுபடி ஆடுவானா என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவன் கேட்பான். ஆடாமல் போகலாம். கால்பந்து அணிகளுக்கு இப்போது 105 பேர் என்ற வரம்பு இருக்கிறது, அடுத்த பருவத்துக்கு ஒரு கிக்கரைச் சேர்க்காமல் விடப் பயிற்சியாளர் காரணம் தேட வேண்டியதில்லை. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி ஆடும் வழி அவனுக்கு உண்டு, அங்கே அவனைச் சேர்ப்பவர்கள் இந்த ஆண்டு நடந்ததைப் பற்றிக் கேட்பார்கள். நடந்ததை அவன் ஏற்கெனவே முழுதும் சொல்லியிருந்தால், அந்தக் கேள்விக்கு அவனால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியும். வழக்கறிஞரைச் சந்தித்ததும் எனக்கு எழுதுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தால் அதன் நகலையும் அனுப்பி வையுங்கள், விசாரணைக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதை அப்போது சொல்கிறேன்.